மேடைக் கணக்கும் கடைக் கணக்கும்

 

நமது பேச்சு வழக்கில் சல்லி என்றால் பணம். "கையில சல்லி இல்ல" என்று சொல்லாத வியாபாரி நம்மில் யாரும் இல்லை. ஆனால் திருகோணமலைக்காரனுக்குச் சல்லி என்றதும் முதலில் ஞாபகம் வருவது ஓர் ஊர். நகரிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும்போது சாம்பல்தீவுக்கு அருகே கடலோரமாக இருக்கும் கிராமம் அது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலை அறியாதவர்கள் எமது மாவட்டத்தில் குறைவு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. நான் கருவாட்டு வியாபாரி. அந்த ஊரோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் நீண்ட காலமாக உண்டு.

சில மாதங்களுக்கு முன் அவ்வூர் இளைஞர்கள் மூவர் டிக்கட் புத்தகத்தோடு எனது கடைக்கு வந்தார்கள். பகலில் பாடசாலையிலும் மாலையில் தன் வீட்டுத் திண்ணையிலும் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியர் காலமாகிவிட்டார். இவர்கள் மூவரும் அவரிடம் படித்தவர்கள்.

"நானா, எங்கட சேர்ர பேரில ஒரு புலமைப்பரிசில் நிதி தொடங்கப் போறம். கம்பஸ் போற பிள்ளையளுக்கு மாசாமாசம் குடுக்கிறதுக்கு. அதுக்கு ஒரு இசை நிகழ்ச்சி வைக்கிறம். நீங்க பத்து டிக்கட் எடுக்கோணும்."

"எவ்வளவு சேரும் தம்பி?"

"எட்டு லட்சத்துக்கு மேல வரும் நானா."

"எத்தின பிள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?"

"மூண்டு பேருக்கு. நாலு வருசமும் குடுப்பம் எண்டு மேடையில சொல்லப் போறம்."

அந்த எட்டு இலட்சமும் மூன்று பிள்ளைகளும் எனக்குப் புதிய எண்கள் அல்ல. டிக்கட் புத்தகத்தை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு மூவரையும் உட்கார வைத்தேன். அவர்களுக்கு அன்று சொன்னதையே இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன். நினைவு நிதி, ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் என்று நம்மில் பலர் தொடங்குகிறோம். நல்ல எண்ணத்தில் தொடங்கியவை பல ஏன் இரண்டு வருடத்தில் நின்றுபோகின்றன என்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம்.

நான் கையெழுத்திட்ட கணக்கு

2017இல் வேறோர் இடத்தில் இதே போன்ற ஒரு நினைவு நிதிக்கு நான் பொருளாளராக இருந்தேன். மண்டபம் எடுத்தோம். பாடகர்களை அழைத்தோம். நினைவு மலர் அச்சிட்டோம். அதிதிகளுக்குப் பொன்னாடை போர்த்தினோம். நிகழ்ச்சி முடியும்போது ஒலிபெருக்கியில் அறிவித்தோம்: சேர்ந்தது 8 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

மூன்று மாணவர்களை மேடைக்கு அழைத்தோம். பெரிய அட்டையில் எழுதிய காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். மாதம் 5,000 ரூபா, நான்கு வருடம். ஒரு பிள்ளைக்கு வருடம் 60,000. மூவருக்கு 180,000. நான்கு வருடத்துக்கு 720,000. கையில் 840,000 இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்தோம்.

பில்கள் வரத் தொடங்கின. மண்டபம், ஒலி ஒளி, பாடகர்களின் பயணமும் தங்குமிடமும், சாப்பாடு, அச்சுக்கூலி, நினைவுச் சின்னம் என்று 510,000 போனது. மிச்சம் 330,000. அதிலும் 60,000 ரூபா நினைவு மலர் விளம்பரக் காசு. "போடுங்க, பிறகு தாறன்" என்றவர்கள் பிறகு தரவே இல்லை. ஆக உண்மையில் கையில் இருந்தது 270,000. வருடம் 180,000 கொடுக்க வேண்டிய இடத்தில் இது எத்தனை மாதத்துக்குக் காணும்? சரியாகப் பதினெட்டு மாதம்.

பத்தொன்பதாவது மாதம் அந்த மூவரில் ஒரு மாணவியின் தகப்பன் என் கடைக்கு வந்தார். அவர் சண்டை பிடிக்கவில்லை. கருவாடு வாங்க வந்தவர் போல ஓரமாக நின்று, கடையில் ஆட்கள் குறைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்த மாசம் பிந்துமா?" பிந்தாது, வரவே வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஒரு வருடம் படிப்பை நிறுத்தி, நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். பின்னர் நிர்வாகத்தில் இருந்த நாங்கள் சிலர் எங்கள் சொந்தக் கையிலிருந்து போட்டு மூவருக்கும் மிச்சத்தைக் கொடுத்து முடித்தோம். அவளும் படித்து முடித்தாள். ஆனால் போன ஒரு வருடத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இதில் யாரும் ஒரு சதம் திருடவில்லை. கணக்கில் பிழையும் இல்லை. விற்பனையை இலாபம் என்று எண்ணியதுதான் பிழை. என் கடையில் ஒரு நாள் விற்பனை ஓர் இலட்சம் என்றால், அதை முழுவதும் இலாபம் என்று வீட்டுக்குக் கொண்டு போவேனா? கொள்முதல், கூலி, வாடகை, வராக் கடன் எல்லாம் கழிப்பேன். கடையில் செய்யாத தவறை நல்ல காரியத்தில் செய்தேன். நிய்யத் நல்லதாக இருந்தால் கணக்குத் தானாகச் சரிவரும் என்று நினைத்துவிட்டேன்.

மஹாபொல என்றால் பெருஞ்சந்தை

சிங்களத்தில் "பொல" என்றால் சந்தை. "மஹாபொல" என்றால் பெருஞ்சந்தை. நமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பெறும் மஹாபொல புலமைப்பரிசிலின் பெயரே ஒரு வர்த்தகப் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்த நம்பிக்கை நிதியம் உருவானது. மஹாபொல வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானமும் லொத்தர் வருமானமும் அதற்குப் போய்ச் சேர்ந்தன. அத்துலத்முதலி 1993 ஏப்ரலில் கொல்லப்பட்டார். தொடங்கியவர் போனார், நிதியம் இன்றும் இருக்கிறது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இதில் நமக்குள்ள பாடம் இரண்டு. ஒன்று, அது ஒரே இரவில் சேர்த்த காசை நம்பி ஓடவில்லை. கண்காட்சி மீண்டும் மீண்டும் நடந்தது. லொத்தர் தொடர்ந்து விற்றது. வருமானத்துக்கு ஓர் ஊற்று இருந்தது. இரண்டு, அது தனிமனிதரின் சட்டைப்பையில் இல்லாமல் சட்டப்படி அமைந்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பாக இருந்தது.

நமது சமூகத்துக்குள்ளேயும் இதற்கு முன்னோடி உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது கிழக்கில் நமது பிள்ளைகளின் கல்வி நிலையை அவர் நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை ஆரம்பித்தார். அதற்கு அவர் தன் பெயரையோ தன் குடும்பத்தின் பெயரையோ வைக்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயரை வைத்தார். தன் பெயரில் இருந்தால் தன்னோடு போய்விடும். சமூகத்தின் பெயரில் இருந்தால் அடுத்து வருபவனும் பொறுப்பெடுப்பான். பிற்காலத்தில் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்ததற்காக அவரை நினைவுகூரும் பலர், இந்த நிதியை மறந்துவிடுகிறார்கள்.

மரத்தை வைத்திரு, காயைக் கொடு

இந்த விடயத்தில் நமக்கு மேலான வழிகாட்டல் வக்பு முறையிலேயே இருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தி நாம் அறிந்ததே. நிலத்தை விற்காமல் அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாகக் கொடுக்கும் வழி அங்கே காட்டப்பட்டது. வியாபார மொழியில் சொன்னால்: முதலைத் தொடாதே, வருமானத்தைக் கொடு.

ஆனால் முதலைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதுமா? அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. உலகில் மிகவும் பெயர்பெற்ற நினைவு நிதி ஒன்றைப் பாருங்கள். அல்பிரட் நோபல் 1895இல் எழுதிய மரண சாசனத்தின்படி ஏற்பட்ட நிதியிலிருந்து 1901இல் முதற் பரிசுகள் கொடுக்கப்பட்டன. முதலில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அதைப் "பாதுகாப்பான" கடன் பத்திரங்களிலேயே வைத்திருந்தார்கள். விலைவாசி ஏறியது, வரி எடுத்தது, பரிசின் பெறுமதி தேய்ந்தது. 1923இல் அது 1901இல் இருந்த உண்மைப் பெறுமதியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 1950களில் முதலீட்டு விதியை மாற்றி, பங்குகளிலும் நிலபுலன்களிலும் போட்ட பிறகே மெல்ல மெல்ல மீண்டது. 1901இன் பெறுமதியை மீண்டும் எட்டியது 1991இல். தொண்ணூறு வருடம்!

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி நமது நாட்டுப் பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்திய வருடம் ஒரு மாணவிக்குப் போதுமாயிருந்த 5,000 ரூபா, அந்த வருடம் அவளுக்கு எத்தனை நாள் சாப்பாட்டுக்குக் கண்டது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

சல்லி இளைஞர்களோடு கடையில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது. மாதம் 7,500 ரூபா என்று வைத்துக்கொண்டோம். வருடம் 90,000. நான்கு வருடத்துக்கு 360,000. ஒரு பிள்ளையைப் பட்டம் வரை கொண்டுபோக, செலவெல்லாம் கழித்துக் கையில் மிஞ்ச வேண்டிய தொகை இது. மூன்று பிள்ளைக்கு 1,080,000.

அந்த நிதி என்றென்றும் நிலைத்து, ஒரு பிள்ளை போக அடுத்த பிள்ளை என்று கொடுக்க வேண்டுமானால் கணக்கு வேறு. உதாரணமாக, முதலீட்டில் வருடம் 10 வீதம் வருகிறது, விலைவாசி 6 வீதம் ஏறுகிறது என்று வையுங்கள். அந்த 6 வீதத்தை முதலோடு திரும்பச் சேர்த்தால்தான் முதல் தேயாமல் இருக்கும். செலவழிக்கக் கூடியது 4 வீதம் மட்டுமே. 90,000 ரூபா 4 வீதமாக வர வேண்டுமானால் முதல் எவ்வளவு? 2,250,000. இருபத்திரண்டரை இலட்சம், ஒரே ஒரு பிள்ளைக்கு! வட்டியைத் தவிர்த்து முழாரபா கணக்கில் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே இலாபப் பங்கு நிச்சயிக்கப்பட்ட தொகை அல்ல, கூடும், குறையும். கூடிய வருடத்தைப் பார்த்து வாக்குக் கொடுக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் இளைஞர்களின் முகம் வாடியது. "அப்ப செய்யேலாது எண்டு சொல்லுறீங்களா நானா?" என்று ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் செலவைக் குறைத்து, வாக்கையும் குறைத்துத் தொடங்குங்கள் என்றேன்.

சல்லியில் நடந்தது

இசை நிகழ்ச்சி கைவிடப்பட்டது. பதிலாக ஒரு மாலை நேர உணவுச் சந்தை. அரிசியை நகரில் ஒரு வியாபாரி கொடுத்தார். தேங்காய் இன்னொருவர். மீனும் நண்டும் கணவாயும் ஊர்ப் படகுகளிலிருந்தே வந்தன. எல்லோரும் தயக்கமின்றிச் சாப்பிட வேண்டும் என்பதற்காக இறைச்சி வகை எதுவும் சேர்க்கவில்லை, கடலுணவு மட்டுமே. பிட்டும் இடியப்பமும் ஊர்ப் பெண்கள் அவித்தார்கள். நான் கருவாட்டுச் சம்பலுக்குக் கருவாடு கொடுத்தேன். கடைசியில் பெரிய அறக்குளா ஒன்றை ஐஸில் வைத்து ஏலம் விட்டார்கள். எடுத்தவரே திரும்பக் கொடுக்க, அதே மீன் நான்கு தடவை விலை போனது.

வரவு 438,500. கூடாரம், மின்விளக்கு, ஐஸ், அச்சு, துப்புரவு எல்லாம் சேர்த்துச் செலவு 46,500. மிச்சம் 392,000. என் பழைய நிகழ்ச்சியின் வரவில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் மிஞ்சியது அதைவிடக் கூட. மேடையில் மொத்தத்தை அறிவிக்கவில்லை. மூன்று நாள் கழித்து வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் எழுதி ஊரில் ஒட்டினார்கள்.

பிள்ளை ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்குரிய 360,000 ரூபாவும் முதல் மாதம் கொடுக்கு முன்பே தனிக் கணக்கில் போடப்பட்டது. அதில் வரும் இலாபம் பின்னைய வருடங்களின் கொடுப்பனவைக் கூட்டுவதற்கு. பிள்ளையை மேடைக்கு அழைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. மாதாமாதம் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

விண்ணப்பித்தவர்கள் மூவர். இரண்டாவது பிள்ளையின் தகப்பனையும் எனக்குத் தெரியும். என்னோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். அவர் அன்றிரவு எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூவருக்கும் கொடுக்கப் போவதாக ஊரில் முதலில் பேச்சிருந்தது. கணக்குச் சொல்லி அதைக் குறைத்தவன் நான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினெட்டு மாதம் கொடுத்து நடுவழியில் விடுவதை விட, இன்று இல்லை என்று சொல்வது நேர்மை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அதோடு நிற்கவும் இல்லை. மாதம் 500 ரூபா வீதம் 15 வர்த்தகர்கள் கொடுத்தால் 7,500. அதாவது ஒரு பிள்ளையின் ஒரு மாதம். எந்த மண்டபமும் பொன்னாடையும் தேவையில்லை. வங்கியில் ஒரு நிலையான கட்டளை எழுதிக் கொடுத்தால் போதும். இதை நாங்கள் தொடங்கியிருக்கிறோம். பதினைந்து பேர் சேர்ந்து, மூன்று மாதம் தவறாமல் காசு வந்த பிறகே இரண்டாவது பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது என்பது முடிவு.

வர்த்தகர்கள் கவனிக்க வேண்டியவை

1. டிக்கட் புத்தகம் கொண்டு வருபவரிடம் "எவ்வளவு சேரும்" என்று கேட்க வேண்டாம். "எவ்வளவு மிஞ்சும்" என்று கேளுங்கள். செலவுத் திட்டத்தைக் காகிதத்தில் பாருங்கள்.

2. முடிந்தவரை பொருளாகக் கொடுங்கள். உங்கள் கடைப் பொருளை நீங்கள் கொள்முதல் விலைக்குக் கொடுக்கிறீர்கள். நிதிக்கு அது விற்பனை விலையில் இலாபம்.

3. விளம்பரம் தருவதாகச் சொன்னால் அன்றே காசைக் கொடுங்கள். நீங்கள் மறந்துபோகும் ஐயாயிரம் ரூபாவை நம்பி ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்.

4. ஸகாத் பணத்தை இதில் கலக்காதீர்கள். அதற்குரியவர்கள் வேறாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். உலமாக்களிடம் கேட்டு, தனிக் கணக்கில் வையுங்கள். ஸதகாவை எந்த இனத்துப் பிள்ளைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

5. நிதி பெருகினால் சட்டப்படி அமையுங்கள். முஸ்லிம் தர்ம நிதிகளுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது. பொதுவாக, 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும், தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

6. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. வருடத்துக்கு ஒரு தடவை, நிர்வாகத்தில் இல்லாத ஒருவரின் கணக்காய்வு.

7. ஒரு மாணவரை ஏற்குமுன் அவருடைய கடைசி மாதக் காசு வரை கையில் இருக்கட்டும். இல்லையென்றால் "ஒரு வருடத்துக்கு மட்டும்" என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுங்கள். அப்போதுதான் அந்தக் குடும்பம் வேறு வழியும் தேடும்.

நாம் கடன் வாங்கிய முதலாளிக்குத் தவணை தவறினால் வெட்கப்படுகிறோம். மொத்த வியாபாரிக்குக் காசோலை திரும்பினால் தூக்கம் வராது. ஒரு பிள்ளையிடம் "நான்கு வருடம் தருவோம்" என்று சொன்ன சொல்லும் அதே போன்ற கடன்தான். அந்தப் பிள்ளை வழக்குப் போட மாட்டாள், கடை வாசலில் சத்தம் போட மாட்டாள் என்பதால் அது சிறிய கடன் ஆகிவிடாது.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நிலாவெளி வீதியால் சரக்கெடுக்கப் போகும்போது அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பேன். எங்களிடம் இதுவரை சேர்ந்தவர்கள் பதினொரு வர்த்தகர்கள். மாதம் 5,500 ரூபா. இன்னும் நால்வர் வேண்டும். இன்ஷா அல்லாஹ், அவர்கள் கிடைத்த பிறகு அந்தத் தகப்பனிடம் நானே போய்ச் சொல்வேன்.